சல்லடைக்கு வைத்த கத்தி

அந்த அலுவலகத்தில் "கத்தி வச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். "வச்சாச்சு, காலையிலேயே மூணு வச்சாச்சு" என்று பதில் வரும். கேட்டவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே போய்விடுவார். அது அகராதி செய்கிற இடம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொல்லின் பொருள் வழக்கில் இல்லாமல் போய்விட்டால் அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு கத்திக் குறி போடுவார்கள். இது போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாரும் இதை எழுப்ப வேண்டாம் என்று அர்த்தம்.

அந்தக் குறியை யார் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. நடு அறையில் சாய்வு மேசை ஒன்றின் மேல் மூலப்படி விரித்தபடி கிடக்கும். போன பதிப்பின் பக்கங்களை அகலமான தாள்களில் ஒட்டித் தைத்த புத்தகம். அடுத்த பதிப்புக்கான திருத்தம் எல்லாம் அதில்தான் ஏறும். பக்கத்திலேயே மரப்பிடி போட்ட சுரண்டுகத்தி ஒன்று இருக்கும். மூலப்படியில் குறி வைக்கவும், வைத்த குறியைச் சுரண்டி எடுக்கவும் பதிப்பாசிரியர்களுக்குத்தான் உரிமை. மற்றவர்கள் அந்தச் சுரண்டுகத்தியைத் தூசி தட்டக்கூடத் தொடுவதில்லை.

தொடாதவர்களில் ஒருத்திதான் இழுப்பறை அக்கா. பின்கட்டில், தரையிலிருந்து கூரைவரை நிற்கும் மர இழுப்பறைகளுக்கு அவள்தான் சாவி, பூட்டு எல்லாம். உள்ளங்கை அகலச் சீட்டுகள் லட்சக்கணக்கில் அதற்குள் இருந்தன. ஒரு சொல், அது வந்த வாக்கியம், எங்கே அச்சானது, எந்தத் தேதி, எடுத்தவர் கையெழுத்து. பத்தொன்பது வருடம் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறாள். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் படிக்காமல் எப்படி ஐயா வரிசைப்படுத்துவது? ஒவ்வொரு சீட்டையும் படித்துத்தான் வைத்தாள். சும்மா கிடந்த கல்லில் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குழி விழுந்தது போல, அவளுக்குள் ஆங்கிலம் விழுந்தது.

இப்போது சீட்டுகளையெல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. மாதக் கடைசியில் இழுப்பறைகள் போகின்றன. இழுப்பறை போனால் இழுப்பறை அக்கா?

தலைமைப் பதிப்பாசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். எதையும் பாதி சொல்லி நிறுத்திவிட்டு மேலே பார்க்கிற பழக்கம் அவருக்கு. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர்.

"உங்களை அனுப்ப எனக்கு மனசில்லம்மா," என்றார். மேலே பார்த்தார். மின்விசிறி நான்கு சுற்று சுற்றியது. "அனுப்பாம இருக்கவும் வழியில்ல. உதவிப் பதிப்பாசிரியர் நாற்காலி ஒண்ணு காலியா இருக்கு. ஒரே ஒரு சொல்லுக்கு முழுப் பதிவு எழுதிக் குடுங்க. குழு மூணு பேரும் ஒத்துக்கிட்டா நாற்காலி உங்களுக்கு."

"ஒத்துக்கலைன்னா ஐயா?"

காற்புள்ளி மேலே பார்த்தார். இந்த முறை கீழே இறங்கி வரவே இல்லை.

சொல்லைத் தேர்ந்து கொடுத்தவர் குழுவில் இன்னொருவர், மூத்த பதிப்பாசிரியர். எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே இன்னொன்று சேர்ப்பார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றால்கூட "இந்த அலுவலகக் கணக்குப்படி" என்பார். அவருக்குப் பெயர் அடிக்குறிப்பு. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டம் வாங்காதவர்களைப் பார்க்கும்போது அவர் மூக்கு மட்டும் கொஞ்சம் உயரும்.

"போல்ட்," என்றார். "சுலபமான சொல்தான். நட்டு, போல்ட். உங்க வீட்டுக்காரர் தினமும் திருகுறதுதானே? அவரையே கேட்டு எழுதிடலாம். அதாவது, எழுத்துப்பிழை இல்லாம."

"பிழை இருந்தா நீங்கதான் இருக்கீங்களே சார், கீழே போட," என்றாள் அவள். காற்புள்ளி மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி விட்டு அதற்கடுத்த வெள்ளி, மூன்று மணிக்குக் குழு கூடும் என்று முடிவாயிற்று.

போல்ட் இழுப்பறையில் எண்பத்து நான்கு சீட்டுகள் இருந்தன. மேசை போதவில்லை. சீட்டறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பரப்பினாள். கதவுத் தாழ்ப்பாளுக்கு போல்ட். மரையில் ஏறும் ஆணிக்கு போல்ட். மின்னல் வெட்டுக்கு போல்ட். மிரண்ட குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினால் போல்ட். மெல்லாமல் அவசரமாக விழுங்கினால் போல்ட். சுருட்டி வைத்த துணிக்கு போல்ட். கீரைச்செடி காலத்துக்கு முன்னால் தண்டு விட்டுப் பூத்துவிட்டால் அதற்கும் போல்ட். ஒருவன் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால் அங்கேயும் ஒரு போல்ட்.

இதென்ன, ஒரே வீட்டில் இத்தனை பேரா, இவர்களுக்கெல்லாம் அம்மா யார் என்று தேடினாள். ஆகப் பழைய சீட்டுகளில் அவள் கிடைத்தாள். குட்டையான தடித்த அம்பு, முனை கனத்தது, குறுக்குவில்லில் வைத்து விடுவது. அதுதான் முதல் போல்ட். அப்புறம் எல்லாம் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்தது. வானத்திலிருந்து விழும் அம்பு மின்னல். விட்ட அம்பு போலப் பாய்ந்தால் ஓட்டம். தொண்டைக்குள் பாய்ந்தால் விழுங்கல். அம்பு போல நேராக நிமிர்ந்த முதுகு. துளைக்குள் செருகும் அம்பு தாழ்ப்பாள், அதன் தம்பி மரையாணி. சுருட்டிய துணியும் அந்த வடிவத்தால்தான் பெயர் வாங்கியிருக்க வேண்டும். திடுமென்று மேலே கிளம்பும் கீரைத்தண்டு கடைக்குட்டி. பிள்ளைகள் முகத்தில் அம்மாவின் சாயல் தெரிய ஆரம்பித்ததும் அவளுக்குத் தரையிலிருந்து எழுந்து கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லாததால் தட்டியும் விட்டாள்.

தட்டிய கை கீழே இறங்குவதற்குள் கண்ணில் பட்டன ஏழு சீட்டுகள். மாவு சலிப்பது. அதற்கும் போல்ட். விருந்துக்கு வந்த இடத்தில் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் வாசலிலேயே நிற்கும் ஆள் போல அவை ஓரமாகக் கிடந்தன. அம்புக்கும் சல்லடைக்கும் என்ன உறவு? முட்டி மோதிப் பார்த்தாள், ஒட்டவில்லை.

மூலப்படியைப் போய்ப் பார்த்தாள். போன பதிப்பில் அதே அம்பின் கீழே, பதினோராவது பொருளாக "மாவு சலித்தல்" என்று போட்டு, தலைமாட்டில் கத்தி வைத்திருந்தது. சொற்பிறப்பு நூல்கள் அடுக்கிய அலமாரிக்குப் போனாள். முதல் நூலே சொல்லிவிட்டது, இரண்டாவது ஆமாம் என்றது. சலிக்கிற போல்ட் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. அது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து தனியாக நடந்து வந்த சொல், வேறு அம்மா, வேறு ஊர். பெயர் மட்டும் வந்த இடத்தில் ஒன்றாகிவிட்டது. அப்படியானால் அதைத் தனித் தலைச்சொல்லாக அல்லவா போட வேண்டும்?

பழைய பதிவை எழுதியது யார் என்று இழுப்பறையிலிருந்த பதிவுச் சீட்டைப் பின்புறம் திருப்பினாள். கீழே கோடு போட்ட கையெழுத்து. அடிக்குறிப்பு.

சங்கடம் அதோடு தீர்ந்துவிடவில்லை. புதிய பதிப்பில் பக்கம் குறைக்க வேண்டுமென்று கத்தி விழுந்த பொருள்களையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். சலிக்கிற போல்ட்டைத் தனியாக நிறுத்தினாலும் தலையில் கத்தியோடு நின்றால் அடுத்த நிமிடமே அது வெளியே. கத்தியை எடுக்கவோ ஒரு விதி உண்டு. எந்தப் பொருளுக்கும் மூன்று சாட்சிச் சீட்டு வேண்டும், அதில் ஒன்றாவது பத்து வருடத்துக்குள் எழுத்தில் வந்திருக்க வேண்டும். வாயால் சொன்னதெல்லாம் சாட்சி ஆகாது. அவள் கையிலிருந்த ஏழு சீட்டில் ஆக இளையதுக்கே அறுபது வயது. சரி, செத்ததுதானோ என்று மற்ற அகராதிகளைப் பார்த்தாள். நான்கு அகராதி, நான்கிலும் கத்தி, நான்கிலும் அதே உதாரண வாக்கியம். ஒருவர் வைத்ததைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இவர். நாடித் துடிப்பை யாரும் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மாவு ஆலையில் ஃபிட்டர். கையைக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பழசை அப்படியே எழுதிக் குடுத்தா?" என்றார்.

"அடிக்குறிப்பு சார் கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்குவார். அவர் எழுதுனதுதானே."

"மாத்திக் குடுத்தா?"

"உயிரோட ஒரு சாட்சி வேணும். இல்லேன்னா அவரே திருப்பி அனுப்பிடுவார். நானும் சாவியை வச்சிட்டு வீட்டுக்கு வந்துட வேண்டியதுதான்."

"அப்ப உனக்கு நாற்காலி வேணுமா, சல்லடை வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும் வேணுங்க."

"அதானே பார்த்தேன்," என்றார் அவர். "கல்யாணம் பேசும்போதும் இப்படித்தான் சொன்னே. மாப்பிள்ளையும் வேணும், வேலைக்கும் போகணும்னு."

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவள் நாத்தனார் வீட்டில் இருந்தாள். நாத்தனார் இரண்டு தெரு தள்ளி, முன்னறையையே பட்டறையாக்கி, துணிப்பையிலும் சட்டையிலும் மை அச்சடித்துக் கொடுக்கிறவள். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் மையை வழித்தால் எழுத்து கீழே பையில் இறங்கும். துணியை இழுத்துக் கட்ட நான்கு கை வேண்டும். மாதம் ஒருமுறை அண்ணியின் இரண்டு கையும் அதற்காக வரும்.

"அண்ணி, கை இங்க இருக்கு, மனசு எங்க இருக்கு? துணி தொய்யுது பாருங்க," என்றாள் நாத்தனார், வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே. "இது போச்சு. அந்தப் பெட்டியில இருந்து போல்டிங் துணி இன்னொண்ணு எடுங்க."

அண்ணி எழுந்து இரண்டு அடி நடந்தாள். அப்படியே நின்றாள்.

"எந்தத் துணி?"

"போல்டிங் துணி."

"இன்னொரு தடவை சொல்லு."

நாத்தனார் வாயிலிருந்த ஆணியை எடுத்தாள். "அண்ணி, உடம்பு சரியில்லையா? பன்னெண்டு வருஷமா இதே பேரைத்தான் கத்திக்கிட்டிருக்கேன். நீங்கதான் எடுத்துக் குடுக்கறீங்க. இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சா?"

அதுதான் உண்மை. பன்னிரண்டு வருடம் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறாள், அந்தத் துணியைத் துவைத்திருக்கிறாள், மை போக உரசியிருக்கிறாள். அலுவலகத்தில் சொல் என்றால் சீட்டில் இருப்பது. சீட்டில் இல்லாதது காதில் விழுந்தாலும் அவளுக்கு அது சொல்லாகவே படவில்லை. அகராதிக்காரர்களுக்கே வரும் நோய் அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

"பெட்டி எங்கே? துணி வந்த பெட்டி. மேலே சீட்டு ஒட்டியிருக்குமே!"

"பெட்டியா? துணி காயப்போடுற கிளிப்பெல்லாம் அதுலதான் போட்டு வச்சிருக்கேன்."

கிளிப்புகள் நாலா பக்கமும் சிதற, அண்ணி பெட்டியைக் கவிழ்த்தாள். பக்கவாட்டில் அச்சடித்த சீட்டு பாதி கிழிந்திருந்தது. போல்டிங் துணி, அச்சு வேலைக்கும் மாவு ஆலைச் சல்லடைக்கும் ஏற்றது. போன வருடத் தேதி. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் அச்சடிச்ச பையை ஒரு நாளாவது இப்படிக் கட்டிப் பிடிச்சிருப்பீங்களா?" என்றாள் நாத்தனார்.

ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே குதூகலம் பாதி வடிந்துவிட்டது. அடிக்குறிப்பு என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே அவளுக்குக் கேட்டது. இது ஒரு பொருளின் பெயர். ஊசி வைப்பதை விட்டாலும் ஊசிப்பெட்டிக்குப் பெயர் ஊசிப்பெட்டிதான். பெயர் மிஞ்சியிருப்பதால் அந்தச் செயலும் மிஞ்சியிருக்கிறது என்று ஆகுமா? மாவை போல்ட் செய்கிறவன் ஒருவன் இருக்க வேண்டும், அதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

அவள் சொன்னதைக் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது.

"அட, எங்க மேல்மாடியில ஒரு மிஷினுக்குப் பேரே போல்ட்டர்தான்."

அவள் தட்டை விட்டு நிமிர்ந்தாள்.

"அரைச்ச மாவு அதுக்குள்ள போய்ச் சலிச்சு வரும். போன மாசம் நான்தான் அதுக்கு நாலு போல்ட் மாத்துனேன். போல்ட்டருக்கு போல்ட்!"

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"நீ மிஷின் பேரா கேட்டே? சாட்சி வேணும், சல்லடை வேணும்னே. சல்லடைன்னா சமையலறையில இருக்கறதுன்னு நெனச்சேன்."

"கையேடு இருக்குமா அதுக்கு?"

"இருந்துச்சு. எலி படிச்சு முடிச்சுடுச்சு. மிஷின் மேல ஒரு தகடு இருக்கு. ஏதோ எழுத்து. ஆனா வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சு அடிச்சுக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதுவும் ஓடும்போது கிட்ட விட மாட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை, சுத்தம் பண்ண அரை மணி நேரம் நிக்கும். இந்த மாசம்..." விரல் விட்டு எண்ணினார். "வெள்ளிக்கிழமை. ஒண்ணே முக்காலுக்கு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குழு.

அந்த வாரம் அவள் பதிவை இரண்டு விதமாக எழுதினாள். ஒன்றில் பழையபடி பதினோராவது பொருள், கத்தியோடு. இன்னொன்றில் சலிக்கும் போல்ட் தனித் தலைச்சொல், கத்தி இல்லாமல், சாட்சிக்கான இடம் காலியாக. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு ஆலைக்குப் போனாள்.

ஆலை மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "தகட்டைப் பார்க்கவா வந்தீங்க? எங்க மிஷினை இது வரைக்கும் யாரும் பொண்ணு பார்க்க வந்ததில்லையே!"

"பிடிச்சிருந்தா இன்னிக்கே முடிச்சுடலாம்," என்றாள் அவள். மேஸ்திரி சிரித்தபடி தலைக்கவசத்தை நீட்டினார்.

சுற்றியிருந்த இரைச்சல் ஒன்றே முக்காலுக்கு மெல்ல இறங்கி அடங்கியது. கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறினாள். மேலே மாவு விரலளவு படிந்திருந்தது. துடைத்தாள். அடியில் சாம்பல் நிறப் பெயின்ட், அதற்குள் புதைந்து மேடும் பள்ளமுமாய் ஏதோ. கண்ணைக் கிட்டத்தில் வைத்தாலும் எழுத்து பிடிபடவில்லை. விரலால் தடவினாள், ஒரு வளைவு தட்டுப்பட்டது. சின்ன வயதில் தாளுக்கு அடியில் இலையை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பெல்லாம் மேலே வருமே, அது நினைவுக்கு வந்தது. பையிலிருந்து வெற்றுச் சீட்டை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தாள். பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள்.

வந்தது. கருப்புக்குள் வெள்ளையாக, போல்ட்டர் என்ற பெயர் முதல் சீட்டில் முழுசாக எழுந்து நின்றது.

"வருதா?" என்றார் கீழேயிருந்து கணவர்.

"வருதுங்க!"

தகடு சீட்டை விட அகலம். இரண்டாவது சீட்டில் செய்த ஆண்டு வந்தது, எட்டு வருடத்துக்கு முந்தையது. இறங்கியிருக்கலாம். ஆனால் தகட்டின் அடிப்பக்கம் இன்னும் விரலில் ஏதோ இடறியது. மேஸ்திரி கடிகாரத்தைக் காட்டினார். "அம்மா, அஞ்சு நிமிஷம்தான்."

மூன்றாவது சீட்டை வைத்துத் தேய்த்தாள். நான்காவதை அதன் பக்கத்தில் வைத்தாள். சின்ன எழுத்துகள், மிகவும் சின்னவை, பெயின்ட் மூடி எவர் கண்ணிலும் படாமல் கிடந்தவை, வால் முளைத்த தவளைக்குஞ்சு போல ஒன்றன் பின் ஒன்றாக நீந்தி வந்தன. இரண்டு சீட்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு கட்டளை. "மூட்டை கட்டுமுன் மாவை இரண்டு முறை போல்ட் செய்க."

ஏணியின் உச்சியிலேயே நின்று இன்னொரு தடவை படித்தாள்.

"என்னம்மா, என்ன எழுதியிருக்கு?" என்றார் கணவர்.

"உயிரோட இருக்குங்க," என்றாள். "எட்டு வருஷமா உங்க தலைக்கு மேலே உயிரோட இருந்திருக்கு."

பேருந்து கிடைத்து அலுவலகம் வந்து சேர மூன்றடிக்க இரண்டு நிமிடம். முகம் கழுவ நேரமில்லை. தலையிலும் புருவத்திலும் மாவோடு அவள் நடு அறைக்குள் நுழைந்தபோது குழு உட்கார்ந்துவிட்டது. காற்புள்ளி, அடிக்குறிப்பு, அச்சகத்திலிருந்து வந்த மேலாளர். மேலாளர் வாய் திறப்பது அபூர்வம். வரி நீளத்தை மட்டும் ஸ்கேலால் அளப்பார். அன்று அவரே வாய் திறந்தார்.

"இதென்னம்மா, பத்தொன்பது வருஷத்துல ஒரே நாள்ல நரைச்சுட்டீங்களா?"

"ஒரே மதியத்துல சார்," என்றாள். பழைய பதிவைப் பையிலேயே விட்டுவிட்டு, புதிய பதிவை மேசையில் வைத்தாள்.

அடிக்குறிப்பு படித்தார். அம்பின் குடும்பம் முழுவதையும் விரலால் தொட்டுத் தொட்டு வந்தார். "நல்லா இருக்கு," என்றார். "குறிப்பா அந்தக் கீரைத்தண்டு. நான் விட்டுட்டேன் அதை." அடுத்த தாளைத் திருப்பினார். மூக்கு உயர்ந்தது. "ரெண்டாவது தலைச்சொல்லா? சலித்தல்? கத்தி இல்லாம?"

"பிறப்பு வேற சார். அலமாரியில இருக்கற ரெண்டு நூலும் சொல்லுது. பக்கம் குறிச்சிருக்கேன்."

"பிறப்பை ஒத்துக்கறேன். அதுல நான் தவறிட்டேன்." அவர் அதைச் சொன்ன விதத்தில் பல் பிடுங்குகிற வலி இருந்தது. ஆனாலும் சொன்னார். "ஆனா உயிர்? விதி தெரியும் உங்களுக்கு. என்னை விட உங்களுக்குத்தான் தெரியும்."

பெட்டிச் சீட்டை வைத்தாள். அவர் ஒரு நொடியில் தள்ளினார். "இது துணியோட பேரு. பேரு நிக்கும், வேலை போயிருக்கும்."

"நானும் அதையேதான் சொன்னேன் சார். உங்க குரல்லயே சொன்னேன்," என்றாள். மேலாளர் ஸ்கேலால் வாயை மறைத்துக்கொண்டார்.

அவள் நான்கு கறுப்புச் சீட்டுகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தாள். அடிக்குறிப்பு குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆண்டைப் படித்தார். அடிவரியைப் படித்தார், ஒரு தடவை மனதுக்குள், ஒரு தடவை வாய்விட்டு. அவள் தலையிலிருந்து மாவு மேசை மேல் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது.

"எங்கே இது?"

"மாவு ஆலையில, மேல்மாடி மிஷின்ல. இங்கேயிருந்து பேருந்துல அரை மணி நேரம். இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு சார். வேணும்னா ஏணி இருக்கு, வாங்க."

அடிக்குறிப்பு நிமிர்ந்தார். "இந்தக் கத்தியை வச்ச அன்னிக்கு நான் நாலு அகராதியைப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "நாலும் செத்துப்போச்சுன்னு சொல்லுச்சு. அஞ்சாவதா நானும் சொன்னேன். எழுந்து போய்ப் பார்க்கணும்னு தோணல." தாளைக் காற்புள்ளியின் பக்கம் நகர்த்தினார். "எனக்குச் சம்மதம். அடிக்குறிப்பு எதுவும் இல்லை."

அவருக்கே அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

மேலாளர் ஸ்கேலை வைத்து அளந்தார். "வரி ரெண்டு கூடுது," என்றார். "கூடட்டும்."

காற்புள்ளி எழுந்தார். "ஆக, மூணு பேருக்கும்..." என்று ஆரம்பித்து மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றியது. அப்புறம், யாரும் எதிர்பாராதபடி, வாக்கியத்தை முடிக்காமலேயே சாய்வு மேசைக்கு நடந்து போனார். மூலப்படியில் போல்ட் பக்கத்தை விரித்தார். மரப்பிடிச் சுரண்டுகத்தியை எடுத்து, பிடிப்பக்கம் அவளை நோக்கி இருக்கும்படி நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை, முதலில். இரண்டு கையையும் புடவையில் துடைத்தாள். மாவு போனது, பென்சில் கறை போகவில்லை. அப்புறம் வாங்கினாள். அது அவள் நினைத்ததை விட லேசாக இருந்தது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பதினோராவது பொருளின் தலைமாட்டிலிருந்த அந்தச் சின்னக் குறியைச் சுரண்டினாள். தாள் கிழியவில்லை. நான்கு உரசலில் கத்திக் குறி தூளாகி எழுந்தது. ஊதினாள். போய்விட்டது.

முதலில் கை தட்டியவர் அடிக்குறிப்பு.

இழுப்பறைகள் மாதக் கடைசியில் போயின. அவள் போகவில்லை. அதே வாரம் நாத்தனார் அலுவலகத்துக்கே வந்து, யாரையும் கேட்காமல், புது நாற்காலிக்கு முன்னாலிருந்த மேசையில் ஒரு பெயர்ப்பலகையை வைத்தாள். அண்ணியின் முழுப்பெயர், அடியில் உதவிப் பதிப்பாசிரியர். கருநீல மை இன்னும் லேசாக வாசம் அடித்தது.

"எந்தத் துணியை வச்சு அடிச்சதுன்னு கேளுங்க அண்ணி."

"தெரியும்டி."

"தெரிஞ்சாலும் கேளுங்க. பன்னெண்டு வருஷம் கேக்கல இல்ல?"

உதவிப் பதிப்பாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசை மேல் கையைக் கட்டிக்கொண்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "சொல்லுங்க நாத்தனாரே, எந்தத் துணி?"

அவள் சொன்னாள். கணினிக்கு முன்னாலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள். அண்ணி புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டாள். வாயால் சொன்னது சாட்சி ஆகாதுதான். இருக்கட்டுமே.